காம்பவுண்ட் வில்லில் அம்புத் தாங்கி: பொருத்துவதும் சரிசெய்வதும்

சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளரும் ஒரு பிள்ளை பள்ளியிலோ கழகத்திலோ அம்பெய்தல் பழகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் சொந்த வில் வேண்டும் என்ற ஆசை வரும். புதிய காம்பவுண்ட் வில்லின் விலையைக் கேட்ட பெற்றோர் பெரும்பாலும் யாரோ பயன்படுத்திய பழைய வில்லைத்தான் தேடுவார்கள். அந்த வில் இன்னொருவரின் கைக்கும் அம்புக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கும். அதை அப்படியே எடுத்து எய்தால் அம்பு ஒரு நாள் இடப்புறம் போகும், மறுநாள் மேலே போகும். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். பல நேரங்களில் குற்றவாளி கை அல்ல, வில்லில் இருக்கும் மிகச் சிறிய கருவியான அம்புத் தாங்கி.

காம்பவுண்ட் வில்லுக்கு இப்போது புதிய மதிப்பு வந்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்புக் குழுப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கங்களையும் இந்தியா வென்றது. ஆண்கள் தனிநபர் இறுதியில் ஓஜஸ் தேவ்தளே 150க்கு 149 புள்ளிகள் எடுத்தார். பெண்கள் இறுதியில் ஜோதி சுரேகாவும் அதே 149 புள்ளிகளோடு வென்றார். 50 மீட்டர் தொலைவில், 8 சென்டிமீட்டர் அகலமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தில் 15 அம்புகளில் 14ஐச் செலுத்த வேண்டுமானால், ஒவ்வொரு அம்பும் வில்லை விட்டு ஒரே மாதிரி புறப்பட வேண்டும். அந்தப் புறப்பாட்டைத் தீர்மானிப்பதில் தாங்கிக்குப் பெரும் பங்கு உண்டு.

தாங்கி என்ன செய்கிறது?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966இல் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969இல் அது வழங்கப்பட்டது. வில்லின் இரு முனைகளிலும் உள்ள கேம் எனப்படும் சக்கரங்கள், முழுதாக இழுத்த நிலையில் கையில் தங்கும் பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. இதனால் எய்பவர் நிதானமாகக் குறி பார்க்க முடிகிறது. ஆனால் நாணை விட்டதும் அம்பு மிக வேகமாகப் பாய்கிறது. நாண் தள்ளும் அந்தக் கணத்தில் அம்பு லேசாக வளைந்து நிமிரும். அதன் முன்பகுதியைத் தாங்கி, சரியான பாதையில் அனுப்புவதுதான் தாங்கியின் வேலை.

தாங்கி ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் அம்பின் வால் ஒரு பக்கம் ஆடியபடி பறக்கும். 10 மீட்டரில் அது கண்ணுக்குத் தெரியாது. 30 மீட்டரில் அம்புகள் சிதறும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம், சற்று மேலோட்டமாகப் போனால் பால் இல்லை. இங்கும் அதே நிதானம்தான் தேவை.

மூன்று வகைத் தாங்கிகள்

முதலாவது, தூரிகைத் தாங்கி. வட்ட வளையத்துக்குள் அடர்ந்த மயிர்கள் இருக்கும். அம்பு அதன் நடுவே நிற்கும். வில்லைச் சாய்த்தாலும் அம்பு கீழே விழாது என்பதால் தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. அம்பின் இறகுகள் மயிரில் உரசுவதால் நாளடைவில் தேயும், வேகமும் சற்றுக் குறையும்.

இரண்டாவது, தகடு தாங்கி. மெல்லிய எஃகுத் தகட்டின் நுனியில் உள்ள பிளவில் அம்பு உட்காரும். தகட்டின் தடிமன் பொதுவாக 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். கனமான அம்புக்குத் தடித்த தகடு, இலேசான அம்புக்கு மெல்லிய தகடு. இலக்குப் போட்டிகளில் பலர் இதையே விரும்புகிறார்கள். நகரும் பாகம் இல்லாததால் பழுது குறைவு. ஆனால் கை நடுங்கினால் அம்பு தகட்டிலிருந்து நழுவும்.

மூன்றாவது, விழும் தாங்கி. நாணை இழுக்கும்போது மேலே எழுந்து அம்பைத் தாங்கும், நாணை விட்டதும் கீழே விழுந்து இறகுகளுக்கு வழிவிடும். இதை இயக்குவது ஒரு சிறு கயிறு. அந்தக் கயிற்றின் அளவு பிசகினால் மற்ற எல்லாம் பிசகும்.

வாங்கும் முன்

வலக்கையால் நாணை இழுப்பவருக்கான தாங்கியும் இடக்கையால் இழுப்பவருக்கான தாங்கியும் வேறு வேறு. இணையத்தில் வாங்கும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். அடுத்து, வில்லின் நடுச்சட்டமான ரைசரில் தாங்கி மாட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வில்களில் பெர்கர் துளை எனப்படும் மரையிட்ட துளை இருக்கும். புதிய வில்கள் சிலவற்றில் துளையோடு சேர்த்து, ரைசரின் பின்புறத்தில் தாங்கியைக் கவ்விப் பிடிக்கும் தனி அமைப்பும் உண்டு. அதற்கென்று செய்த தாங்கி பழைய வில்லில் பொருந்தாது.

பழைய வில் என்றால், தாங்கியைத் தொடும் முன் வில் அந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியம். இரு கைகளையும் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறக்குறையத் தெரியும். 165 சென்டிமீட்டர் என்றால் 66 சென்டிமீட்டர், அதாவது சுமார் 26 அங்குலம். வில்லின் இழுப்பு நீளம் இதற்குப் பொருந்தாவிட்டால் எந்தத் தாங்கியாலும் பயன் இல்லை.

கையைக் காக்கும் மூன்று விதிகள்

அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது. அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். கரங்கள் பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம்.

முழுதாக இழுத்த நிலையில் அம்பின் முனை தாங்கியைத் தாண்டிக் குறைந்தது 25 மில்லிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். குட்டையான அம்பு தாங்கியின் பின்னால் நழுவி விழுந்தால், வில்லைப் பிடித்த கையிலேயே பாயும். வளரும் பிள்ளைக்கு இழுப்பு நீளம் கூடிக்கொண்டே போகும். போன வருடம் சரியாக இருந்த அம்பு இந்த வருடம் ஆபத்தாகலாம். தாங்கியைப் பின்னால் நகர்த்திக் குட்டை அம்பைச் சமாளிக்க நினைப்பது தவறு. உலக அம்பெய்தல் சம்மேளன விதிப்படியும், காம்பவுண்ட் வில்லில் அம்பு தாங்கியைத் தொடும் இடம் கைப்பிடியின் ஆழமான பகுதியிலிருந்து 6 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போகக் கூடாது.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் லேசாக வளைத்துத் திருகிப் பார்க்க வேண்டும். கீறலோ நொறுங்கும் ஓசையோ இருந்தால் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடலாம். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாண் தள்ளும்போது சிதறி, கையில் சிம்புகளாக ஏறும்.

பொருத்தும் முறை

தேவையானவை: அலன் கீ தொகுப்பு, நாணில் மாட்டி அளக்கும் டி வடிவ வில் அளவுகோல், சிறிய ரசமட்டம் இரண்டு, மாஸ்கிங் டேப், பேனா. வில்லை மடியில் வைத்துச் செய்வதைவிட, மேசையில் துணி போட்டு அசையாமல் நிறுத்திச் செய்வது நல்லது.

1. பழைய தாங்கியைக் கழற்றும் முன், அது இருந்த இடத்தை டேப்பில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதும் உதவும். வழி தவறினால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

2. புதிய தாங்கியை பெர்கர் துளையில் மாட்டி, கையால் நகர்த்த முடிகிற அளவுக்கு மட்டும் போல்ட்டை முறுக்க வேண்டும். ரைசர் பெரும்பாலும் அலுமினியம். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் துளையின் மரை போய்விடும், அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

3. உயரம். அம்பை நாணில் மாட்டித் தாங்கியில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், அம்புத்தண்டின் நடு, பெர்கர் துளையின் நடுவோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு ரசமட்டத்தை நாணிலும் மற்றொன்றை அம்பிலும் வைத்துப் பார்க்கலாம். நாண் செங்குத்தாக இருக்கும்போது அம்பு கிடைமட்டமாக இருந்தால் அது நல்ல தொடக்கம். தகடு தாங்கியில் அம்பின் வால்முனை 1.5 முதல் 3 மில்லிமீட்டர்வரை உயர்ந்திருப்பது பலருக்கு ஒத்துவருகிறது.

4. பக்கவாட்டு நிலை. ரைசரின் உட்சுவரிலிருந்து அம்புத்தண்டின் நடுவரை அளக்க வேண்டும். பல வில்களில் இது 19 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும். வில்லின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். பிறகு வில்லுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், அம்பு ரைசருக்கு இணையாக நேராகப் போவது தெரிய வேண்டும்.

5. தகடு தாங்கியாக இருந்தால், தகட்டை 30 முதல் 35 டிகிரி சாய்வில் வைத்துத் தொடங்கலாம். மிகவும் நிமிர்ந்த தகடு அம்பை மேலே உதைக்கும். மிகவும் படுத்த தகடு துள்ளும்.

6. எல்லாம் சரியான பின் போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இறுக்கும்போதே தாங்கி நகர்ந்துவிடுவது வழக்கம்.

விழும் தாங்கியின் கயிறு

விழும் தாங்கியில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில், இழுக்கும்போது கீழிறங்கும் கேபிளில் கயிறு கட்டப்பட்டிருக்கும். கேபிள் இறங்க இறங்கத் தாங்கி எழும். இழுப்பின் கடைசி 2 முதல் 5 சென்டிமீட்டருக்குள் அது முழுதாக எழுந்து நிற்க வேண்டும். சீக்கிரமே எழுந்தால், விட்ட பிறகு விழுவதற்குத் தாமதமாகி இறகில் இடிக்கும். தாமதமாக எழுந்தால் அம்பு முழு உயரத்துக்கு வராது. இன்னொன்றில் கயிறு வில்லின் கரத்தோடு கட்டப்பட்டிருக்கும். வில் சும்மா இருக்கும்போது கயிறு தாங்கியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இழுக்கும்போது கயிறு தளர்ந்து, சுருள்வில் தாங்கியை மேலே தூக்கும்.

கயிற்றைக் கேபிளின் இழைகளுக்கு நடுவே செருகிக் கட்ட வேண்டியிருந்தால் அதை வீட்டில் செய்யக் கூடாது. கேபிளைத் தளர்த்த, வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரெஸ் கருவி வேண்டும். அது இல்லாமல் கேபிளைக் கழற்ற முயல்வது, முழு விசையோடு இறுகி நிற்கும் கரங்களோடு விளையாடுவதாகும். இந்த ஒரு வேலைக்குக் கடைக்குப் போவதே அறிவு. கவ்வி மூலம் கேபிளில் மாட்டும் வகையை மட்டும் வீட்டிலேயே பொருத்தலாம்.

காகிதம் சொல்லும் சேதி

தாங்கி சரியாக இருக்கிறதா என்பதை அறிய மலிவான வழி காகிதச் சோதனை. பழைய படச்சட்டத்திலோ அட்டைப்பெட்டியில் வெட்டிய சன்னலிலோ நாளிதழ்த் தாளை இறுக்கமாக ஒட்ட வேண்டும். அதற்குப் பின்னால், அம்பு தாளை முழுதாகக் கடந்த பிறகே தைக்கும் தூரத்தில் இலக்குப் பலகை இருக்க வேண்டும். எய்பவர் தாளிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று, தோள் உயரத்தில் நேராக எய்ய வேண்டும்.

அம்பின் முனை வட்டத் துளையும், இறகுகள் அதைச் சுற்றி மூன்று கீறல்களும் போடும். துளையும் கீறல்களும் ஒரே மையத்தில் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. இறகின் கீறல் துளைக்கு மேலே இருந்தால் வால் உயர்ந்து பறக்கிறது என்று பொருள். அப்போது தாங்கியை உயர்த்த வேண்டும் அல்லது நாணில் அம்பு மாட்டும் இடத்தை இறக்க வேண்டும். கீறல் கீழே இருந்தால் தாங்கியை இறக்க வேண்டும் அல்லது மாட்டும் இடத்தை உயர்த்த வேண்டும். ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தக் கூடாது.

கிழிசல் இடமாகவோ வலமாகவோ இருந்தால் முதலில் பிடியைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து முறுக்குவதே பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பொதுவான காரணம். கட்டைவிரலின் அடிமேடு மட்டும் கைப்பிடியில் பட, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகும் கிழிசல் ஒரே பக்கம் தொடர்ந்தால், தாங்கியை ஒரு பக்கமாக இம்மியளவு நகர்த்தி மூன்று அம்புகள் எய்து பார்க்க வேண்டும். கிழிசல் சிறுத்தால் அதே திசையில் தொடரலாம். பெருத்தால் குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பி மறுபக்கம் நகர்த்தலாம். எவ்வளவு நகர்த்தினாலும் மாறாவிட்டால், அம்பின் விறைப்பு அந்த வில்லுக்குப் பொருந்தவில்லை என்றோ இறகு எங்கோ இடிக்கிறது என்றோ கொள்ள வேண்டும்.

இறகு இடிக்கிறதா என்று பார்க்க, இறகுகளின் ஓரத்தில் உதட்டுச் சாயத்தைத் தடவி ஓர் அம்பு எய்தால் போதும். தாங்கியிலோ கேபிளிலோ சாயம் ஒட்டியிருந்தால் அதுதான் இடிக்கும் இடம். பெரும்பாலும் அம்பின் வால்முனையைச் சற்றே திருப்பி மாட்டினால் இறகுக்கு வழி கிடைத்துவிடும்.

தூரத்தில் சரிபார்த்தல்

காகிதம் சரியென்று சொன்ன பிறகு திடலில் ஒரு சோதனை. பெரிய இலக்குப் பலகையில் மேலிருந்து கீழாக டேப்பால் ஒரு நேர்க்கோடு ஒட்ட வேண்டும். சைட் எனப்படும் குறிநோக்கியை 20 மீட்டருக்குச் சரிசெய்து, கோட்டின் உச்சியைக் குறி பார்த்து எய்ய வேண்டும். பிறகு சைட்டைத் தொடாமல், அதே உச்சியைக் குறி பார்த்து 25, 30, 35 மீட்டர் எனப் பின்னால் நகர்ந்து எய்ய வேண்டும். அம்புகள் கீழே கீழே விழும், அது இயல்பு. ஆனால் அவை கோட்டின் மேலேயே விழ வேண்டும். தூரம் கூடக் கூட இடப்புறம் விலகினால் தாங்கியைத் துளி வலப்புறமும், வலப்புறம் விலகினால் துளி இடப்புறமும் நகர்த்த வேண்டும். நகர்த்திய ஒவ்வொரு முறையும் 20 மீட்டரில் சைட்டைத் திரும்பச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த சுற்று.

பலர் தவறுவது இங்கேதான். அம்பு இடப்புறம் போனதும் சைட்டை நகர்த்திவிடுகிறார்கள். அந்த ஒரு தூரத்தில் அம்பு நடுவில் தைக்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும். தூரம் மாறியதும் பழைய குறை மீண்டும் தலைகாட்டும். தாங்கியின் பிழையைச் சைட் மறைக்குமே தவிரத் தீர்க்காது. வரிசை எப்போதும் இதுதான்: முதலில் வில், பிறகு அம்பு, பிறகு தாங்கி, கடைசியாகச் சைட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

நம் வெயிலும் மழையும்

தாங்கியின் கைகளில் ஓசையைக் குறைக்க ஒட்டியிருக்கும் மென்துணி, வெப்பத்தில் பசை இளகி நழுவும். அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுச் செல்வது நாணுக்கும் கரங்களுக்கும் கேடு. மழையில் நனைந்தால் துடைத்து, திருகாணிகளில் துளி எண்ணெய் விட வேண்டும். தகடு வளைந்திருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா, போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சரியான நிலையை மெல்லிய பேனாக் கோட்டால் குறித்துவிட்டால், தாங்கி நகர்ந்தது பார்த்தவுடன் தெரியும்.

எங்கே எய்வது?

தோட்டத் திடல் காலியாக இருக்கிறதே என்று அங்கேயே எய்யத் தொடங்குவது ஆபத்து. செம்பனை வரிசைகளுக்கு நடுவே வேலை செய்பவர்களும், குறுக்கு வழியில் வீடு திரும்புபவர்களும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். இலக்கைத் தவறிய காம்பவுண்ட் அம்பு நூறு மீட்டரையும் எளிதில் தாண்டும். பயிற்சிக்கு ஏற்ற இடம், மேற்பார்வையாளர் உள்ள அம்பெய்தல் திடலே. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, முறையான காரணமின்றிப் பொது இடத்தில் அபாய ஆயுதம் வைத்திருப்பது குற்றம். ஆகவே வில்லை அதற்குரிய பெட்டியில் பூட்டி, அம்புகளைத் தனியே வைத்து எடுத்துச் செல்வது நல்லது. காட்டுப்பன்றியைப் பார்த்ததும் கை துறுதுறுக்கலாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமமில்லா வேட்டையைத் தடை செய்கிறது.

ஒரு மாலைப் பொழுது, ஓர் அலன் கீ தொகுப்பு, சில நாளிதழ்த் தாள்கள் இருந்தால் இந்த வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடலாம். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது. தன் வில்லைத் தானே சரிசெய்யத் தெரிந்த பிள்ளை, அம்பு விலகும்போது மனம் தளராது. எங்கே பிசகியது என்று தாளை எடுத்து ஒட்டிப் பார்க்கும்.